பின்னிஷ் மொழியில் "சொந்த மாடு வாய்க்காலில்" என்ற தொடரை எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும்?

முதலில் பொருளைச் சரிசெய்துவிடுவோம். "ஒம லெஹ்ம ஒயஸ்ஸ" என்றால் சொல்லுக்குச் சொல் "சொந்த மாடு வாய்க்காலில்". மாடு விழுந்துவிட்டது, பாவம், ஆள் ஏதோ சிக்கலில் இருக்கிறார் என்றுதான் புதிதாகப் பின்னிஷ் படிப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. நம்ம ஊரில் "சோழியன் குடுமி சும்மா ஆடுமா?" என்று எந்த இடத்தில் கேட்போமோ, அந்த இடத்துக்கான தொடர் இது. பொதுநலம் பேசுகிற மாதிரிப் பேசுகிறார், ஆனால் அதில் அவருக்கும் ஒரு லாபம் இருக்கிறது என்று பொருள்.

பின்லாந்தின் வயல்கள் ஈரம் பிடித்தவை. தண்ணீரை வடிக்கத் திறந்த வாய்க்கால்களை வரிசையாக வெட்டி வைத்திருப்பார்கள். பிற்காலத்தில்தான் பல இடங்களில் நிலத்தடிக் குழாய்கள் வந்தன. வாய்க்காலில் மாடு விழுந்தால் ஊரே கூடி இழுக்கும். மாட்டுக்காரன் மட்டும் கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு இழுப்பான். அந்தக் கூடுதல் வேகத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பொருள் தவறாது.

நிஜமாகவே சிக்கலைச் சொல்ல வேண்டுமென்றால் அதே வாய்க்காலை வைத்து வேறொரு தொடர் இருக்கிறது: "ஒயஸ்த அல்லிக்கோன்", அதாவது வாய்க்காலிலிருந்து குட்டைக்கு. நாம் வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுவோம், அவர்கள் தண்ணீரிலேயே விழுந்து தண்ணீரிலேயே எழுகிறார்கள்.

இலக்கணம் தமிழருக்குப் பாதி இலவசம். பின்னிஷில் ஒன்றை "வைத்திருப்பது" என்பதற்குத் தனி வினைச்சொல் கிடையாது. நம்மைப் போலவே "என்னிடம் இருக்கிறது" என்பார்கள். "மினுல்ல ஒன் ஒம லெஹ்ம ஒயஸ்ஸ": "மினுல்ல" என்பது "என்னிடம்", "ஒன்" என்பது "இருக்கிறது", கடைசியில் வரும் "ஸ்ஸ" நம்முடைய "இல்" உருபு. எதிர்மறையில்தான் கவனம் வேண்டும். "மினுல்ல எய் ஒலெ ஒமா லெஹ்மா ஒயஸ்ஸ" என்று மாடும் அதன் அடைமொழியும் நெடிலாக நீண்டுவிடும். குறிலா நெடிலா என்பதை அலட்சியம் செய்ய முடியாத மொழி அது. துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். படு, பாடு, பட்டு என்று வளர்ந்த காதுக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை.

"ஒம" என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் யாருடைய மாடோ நிஜமாகவே விழுந்துகிடக்கிற மாதிரி ஆகிவிடும். "கெனென் லெஹ்ம ஒன் ஒயஸ்ஸ?", யாருடைய மாடு வாய்க்காலில், என்று கேள்வியாகக் கேட்கும்போது மட்டும் அது தேவைப்படாது.

சொல்லும் தொனியை நான் பிடித்துக்கொண்டது பின்லாந்தின் எஸ்போ நகரில், எங்கள் குடியிருப்பின் ஆண்டுக் கூட்டத்தில். அங்கே அடுக்குமாடி என்பது ஒரு நிறுவனம் மாதிரி. வீடு வாங்குகிறவர் அதன் பங்குகளைத்தான் வாங்குகிறார். எந்தப் பழுதுவேலைக்கு எவ்வளவு செலவழிப்பது என்று பங்குதாரர்கள் கூடி முடிவெடுப்பார்கள். அன்றைக்கு விவாதம், கார் நிறுத்துமிடத்தில் மின்சார வண்டிகளுக்கு சார்ஜர் போடலாமா என்பது. ஒரு இளைஞர் சுற்றுச்சூழல், கட்டடத்தின் மதிப்பு, எதிர்காலம் என்று அடுக்கிக்கொண்டே போனார். முன்வரிசைப் பெரியவர் காபிக் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமலே "தைதா சுல்ல ஒல்ல ஒம லெஹ்ம ஒயஸ்ஸ" என்றார். உனக்கும் இதில் ஒரு மாடு இருக்கிற மாதிரி தெரியுதே, என்கிற பாணி. இளைஞர் சிரித்துக்கொண்டே "ஒன், ஒன்" என்றார். கேள்வியில் வரும் வினையையே திருப்பிச் சொல்லி ஆமோதிப்பது அங்கே வழக்கம், நாம் "இருக்கு, இருக்கு" என்கிற மாதிரி. வசந்தத்தில் வண்டி வருகிறதாம். அறையே சிரித்தது, அப்புறம் வாக்கெடுப்பு.

அந்த "தைதா"வில்தான் விஷயமே இருக்கிறது. "போலிருக்கிறது" என்று குற்றச்சாட்டை மெத்தை போட்டு இறக்குகிற சொல் அது. அதை எடுத்துவிட்டு "சினுல்ல ஒன்", உன்னிடம் இருக்கிறது, என்று நேராக முகத்துக்கு நேரே சொன்னால் அதே வாக்கியம் உரசும். பழகாதவரிடமும் மேலதிகாரியிடமும் அப்படிச் சொல்ல நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கற்றுக்கொள்கிறவர் தன் மாட்டிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. அலுவலகத்தில் நண்பரை ஒரு வேலைக்குப் பரிந்துரைக்கிறீர்கள் என்றால், "எனக்கும் இதில் ஒரு மாடு இருக்கு, இருந்தாலும் சொல்றேன்" என்று முன்கூட்டியே போட்டு உடைத்துவிடுங்கள். பின்லாந்துக்காரர்களே இதை நிறையச் செய்கிறார்கள். யார் மனமும் நோகாது, நீங்கள் சொல்வதும் எடுபடும்.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று "கெதுன்ஹந்த கைனலொஸ்ஸ", அக்குளில் நரிவால். இது கடுமையான வார்த்தை. மாட்டுக்காரன் பொய் சொல்ல வேண்டியதில்லை, அவனுக்கு லாபம் இருக்கிறது, அவ்வளவுதான். நரிவால்காரன் ஏமாற்ற வந்தவன். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயின் உறவுக்காரன். சார்ஜர் கேட்ட இளைஞரிடம் நரிவாலைச் சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

உருபுகளுக்கு, பின்லாந்து மொழிகள் நிறுவனத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மரபுத்தொடர் எந்த உருபோடு வரும் என்பதைச் சுருக்கக் குறியீடுகளால் காட்டியிருப்பார்கள். "ய்க்ல்ல" என்று கண்டால் அது "ஒருவரிடம்" என்பதன் சுருக்கம்.

அரசு அலுவலகக் கடிதத்தில் மட்டும் மாட்டை அவிழ்த்துவிடாதீர்கள். 2003-ஆம் ஆண்டின் நிர்வாகச் சட்டத்தில் தன்னலம் கலந்த அதிகாரி ஒரு கோப்பைக் கையாளக் கூடாது என்பதற்குத் தனிப் பிரிவுகளே உண்டு. அப்படிப்பட்ட அதிகாரிக்கு அங்கே எழுத வேண்டிய சொல் "எஸ்தேல்லினென்", பேச்சில் "யாவி".