வண்டி இழுக்கும் நாய் – கடிதம்

அன்புள்ள அக்கா,

சிலேத்தார் பக்கம் தரைவீட்டில் இருக்கிறோம். எங்கள் முத்து லாப்ரடார், 11 மாதம், 28 கிலோ. நடக்கக் கூட்டிப்போனால் அதுதான் என்னை இழுத்துக்கொண்டு போகும். சுவிட்சர்லாந்தில் நாய்கள் சின்ன வண்டி இழுக்கும் காணொளி பார்த்ததிலிருந்து இதையும் பழக்கலாமே என்று தோன்றுகிறது. தோட்டத்துக்கு மண் மூட்டையும் பூச்சட்டியும் நான்தான் சுமந்து வருகிறேன். அதை முத்து இழுக்கட்டுமே. இணையத்தில் ஓர் இரண்டு சக்கர வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஆறு வயது மகன் தானும் ஏறலாமா என்கிறான். அம்மாவோ, "வாயில்லா ஜீவனை மாடு மாதிரி பூட்டுறது பாவம்டா" என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

– ஒரு வாசகர், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

அம்மாவின் பேச்சிலிருந்தே ஆரம்பிக்கலாம். அவர் பயம் நியாயமானது. பெல்ஜியத்தில் பால்காரர்கள் நாய் வண்டியில்தான் பால் விற்றார்கள். சுவிஸ் பண்ணைகளில் பெர்னீஸ் மலைநாய்கள் பால் பாத்திரங்களை இழுத்தன. ஆனால் லண்டனில் 1839இலும், இங்கிலாந்தின் மற்றப் பொதுச்சாலைகளுக்கு 1854இலும் நாய் வண்டிக்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். அளவுக்கு மீறி ஏற்றி, அடித்து ஓட்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இன்று பெர்னீஸ், நியூஃபவுண்ட்லாந்து வகை நாய்களை வளர்ப்பவர்கள் இதை நாய்க்குப் பிடித்த வேலையாக, பொறுமையாகப் பழக்குகிறார்கள். ஹார்னஸை, அதாவது உடம்பில் மாட்டும் பட்டையை, எடுத்ததும் முத்து வாலாட்டிக்கொண்டு வந்தால் சரி. முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், அவரையே பக்கத்தில் நின்று பார்க்கவும் சொல்லுங்கள்.

வண்டியை இப்போது வாங்காதீர்கள். 11 மாதத்தில் எலும்பின் முனைகளில் வளரும் பகுதி இன்னும் முழுதாக இறுகியிருக்காது. பாரம் அங்கேதான் கெடுதல் செய்யும். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் கோளாறாவது சகஜம். ஒன்றரை வயது தாண்டட்டும். கால்நடை மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அவர் சரி என்ற பிறகுதான் எடை.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை, நிஜமான பழக்கமே இந்த மாதங்களில்தான். முத்துவுக்கு இழுக்கத் தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தெரியாதது, தன் பின்னாலேயே ஏதோ ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு வருவதைப் பொறுத்துக்கொள்வது. ஓடினால் அதுவும் துரத்தி வரும், நின்றால் அதுவும் நிற்கும். பழகாத நாய்க்கு இதைவிடப் பயம் வேறில்லை. முதல் நாளே வண்டியைக் கட்டி, நாய் மிரண்டு ஓடி, வண்டி கவிழ்ந்துவிட்டால், அப்புறம் ஹார்னஸ் சத்தம் கேட்டாலே அது கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலில் நாலைந்து கூழாங்கற்களைப் போட்டுக் கயிறு கட்டுங்கள். மகனைக் கூப்பிடுங்கள், இது அவன் வேலை. வீட்டு முன்னால் டைல்ஸ் தரையில் அவன் அதை இழுத்துக்கொண்டு போகட்டும். நீங்கள் முத்துவோடு தள்ளி நின்று தீனி கொடுங்கள். காது பின்னால் ஒட்டுகிறதா, வால் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் இன்னும் தள்ளி நில்லுங்கள். கண்டுகொள்ளாத அளவுக்குப் பழகியதும் பாட்டில் பக்கவாட்டில் வரட்டும், பிறகு பின்னால். கடைசியில்தான் கயிறு ஹார்னஸுக்கு வரும். அப்போதும் முனையை முடிச்சுப் போடாமல் உங்கள் கையில் வைத்திருங்கள். மிரண்டால் உடனே விட்டுவிடலாம்.

அடுத்தது கம்பு. வண்டியின் இரண்டு பக்கக் கம்புகளுக்கு நடுவே நாய் நிற்கும். நாய் இயல்பாகத் திரும்பும்போது உடம்பை வளைக்கும். கம்புக்குள் அது முடியாது. உள்பக்கக் கம்பு விலாவில் இடிக்க, குறுக்கே கால் வைத்து நகர வேண்டும். ஹார்டுவேர் கடையில் இரண்டு பிவிசி குழாய் வாங்கிப் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டி, மெதுவாக இடப்பக்கம் திருப்புங்கள். குழாய் விலாவைத் தொட்ட நொடியில் தீனி. தொட்டால் நல்லது நடக்கும் என்று அதன் மனதில் பதிய வேண்டும். இதில் அவசரப்படாதீர்கள், எத்தனை வாரம் ஆனாலும் ஆகட்டும்.

கட்டளை ஆறு போதும்: புறப்பட, நிற்க, இடது, வலது, மெதுவாக, பின்னால். "நட", "நில்" இரண்டும் ஒரே ஒலியில் தொடங்குவதால் நாய் குழம்பலாம். "போ", "நில்" என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் "நில்" கல்லாக இருக்க வேண்டும். நம் ஊரில் புளோக்குக்கு ஒரு பூனை, புல்வெளி முழுக்க மைனா. பூனையைப் பார்த்தும் நிற்கிற நாயைத்தான் வண்டியில் கட்டலாம்.

நடைக்குப் போடும் ஹார்னஸ் இதற்கு ஆகாது. தோளுக்குக் குறுக்கே பட்டை போகும் வகை முன்னங்காலை எட்டி வைக்க விடாது. மார்பில் அகலமாக, மெத்தென்று படிந்து, தொண்டையை அழுத்தாத வண்டி ஹார்னஸ் வேண்டும். மாட்டிவிட்டு இழுகயிறுகளைப் பின்னாலிருந்து லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முத்து நடக்கட்டும், வேறொருவர் பக்கத்திலிருந்து பார்க்கட்டும். முன்னங்கால் முழு நீளத்துக்கு எட்டி விழுந்தால் அளவு சரி.

வண்டி வந்த பிறகு முதலில் நீங்கள் இழுங்கள், முத்து கூட நடக்கட்டும். மாட்டு வண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்களே, அதை நீங்களும் பாருங்கள். சுமை அச்சின் மேல் சமமாக நின்றால் கம்பை இரண்டு விரலில் தூக்கலாம். முன்பாரமானால் முதுகில் அழுத்தும், பின்பாரமானால் கம்பு மேலே எழும்பும். பூட்டும்போது ஒருவர் நாயின் தலைப்பக்கம், ஒருவர் வண்டிப்பக்கம். பூட்டிய நாயை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். முதல் வாரங்களில் காலி வண்டிதான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாலும் வண்டியும் சுமையும் சேர்ந்து முத்துவின் எடையைத் தாண்ட வேண்டாம் என்பது என் கணக்கு. மகன் ஏறக் கூடாது. எடை ஒரு பக்கம் இருக்கட்டும், நாய் பூனையைத் துரத்தினால் விழுவது குழந்தை.

இனி நம் வெயில். நாய்க்கு உடம்பில் நம்மைப் போல வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். காற்றில் ஈரம் அதிகமானால் அதுவும் சரியாக நடக்காது. சிங்கப்பூரில் விடியலுக்கு முன்தான் குளிர்ச்சி, ஆனால் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவதும் அப்போதுதான். அதனால் காலை ஆறரை மணி என்று நம்பி அரை மணி நேரம் ஓட்டாதீர்கள். பத்து நிமிடம், தண்ணீர், நிழல். சாயங்காலமானால் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. நாக்கு அகலமாகத் தொங்கி, எச்சில் கெட்டியாகி, ஈறு கருஞ்சிவப்பானாலோ நடை தள்ளாடினாலோ உடனே அவிழ்த்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

பொது இடத்தில் வார் கட்டாயம், அது உங்கள் கையில்தான் இருக்க வேண்டும், வண்டியில் கட்டக் கூடாது. பூங்கா இணைப்புப் பாதைகளில் வார இறுதியில் சைக்கிள் கூட்டம், வேண்டாம். உங்கள் வீட்டுச் சந்தே போதும். வீவக அடுக்குமாடி வீட்டில் சின்ன நாய் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பாட்டில் விளையாட்டு வரை சரி. டாக்ஸ்ஹுண்ட் மாதிரி முதுகு நீண்ட நாய்களுக்கு அதற்கு மேல் வேண்டவே வேண்டாம்.

எக்ஸ்ரே முடிந்ததும் மருத்துவர் சொன்னதை எழுதுங்கள். ஹார்னஸ் மாட்டிப் பக்கவாட்டில் ஒரு படமும் அனுப்புங்கள், தோள் அளவு சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா