பாதிக் கட்டடத்துக்கு ஏன் பணம் கேட்கிறார்கள்?

பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த சேமநிதிப் பணத்தோடு வங்கிக் கடனும் எடுத்து, மகளுக்காகக் கோலாலம்பூரில் 42 மாடிக் கொண்டோமினியத்தின் 17-ஆம் மாடியில் 400,000 வெள்ளிக்கு வீடு வாங்கினோம். ஒரு வருடமாகத் தகர வேலியைத் தவிர எதுவும் தெரியவில்லை. இப்போது பாதிக் கட்டடம்கூட எழும்பாத நிலையில், சட்டகத்துக்காக 60,000 வெள்ளி கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. இது முறைதானா?"

ஐயா, முறையானதாகவே இருக்கலாம். அடுக்குமாடி வீடுகளுக்குச் சட்டம் வகுத்துள்ள ஒப்பந்தப் படிவமாகிய எச் அட்டவணை, வீட்டு விலையில் 15 விழுக்காடான இந்த 60,000 வெள்ளியை முழுக் கட்டடத்தின் சட்டகத்தோடு அல்ல, நீங்கள் வாங்கிய வீட்டின் சட்டகத்தோடுதான் இணைக்கிறது. உங்கள் மாடியின் தூண்களும் தலைக்கு மேலுள்ள கான்கிரீட் தளமும் முடிந்துவிட்டால், உச்சி மாடி எழும்வரை மேம்பாட்டாளர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கட்டம் முடிந்ததாகக் கட்டடக் கலைஞரோ பொறியாளரோ கையொப்பமிட்ட சான்றிதழ் கோரிக்கையோடு இருந்தாக வேண்டும். இல்லையெனில் எழுத்து மூலம் கேளுங்கள், வங்கிக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். வங்கி பணத்தை விடுவித்த நாளிலிருந்து வட்டி உங்கள் தலையில்தான் ஏறுகிறது.

ஒன்றும் தெரியாமல் போன அந்த வருடம் வீணான வருடம் என்று எண்ண வேண்டாம். கோலாலம்பூரின் பல பகுதிகளில் மண்ணுக்கு அடியில் குகைகளும் பிளவுகளும் நிறைந்த சுண்ணாம்புப் பாறை கிடப்பதால், உயரமான கட்டடங்களின் கடினமான வேலை நிலத்துக்குக் கீழேதான் நடக்கிறது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்கு 100 மீட்டருக்கும் அதிக ஆழத்துக்குத் தூண்கள் இறக்கப்பட்டன. ஒவ்வொரு கோபுரத்தின் அடித்தளத்துக்கும் 13,200 கன மீட்டர் கான்கிரீட்டை 54 மணி நேரம் இடைவிடாமல் ஊற்றினார்கள். தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு அதில் எதுவும் தெரிந்திருக்காது.

வேலை உங்கள் மாடியைத் தாண்டிவிட்டதா என்று எண்ணும்போது உச்சியைப் பார்த்து ஏமாறாதீர்கள். மின்தூக்கியும் படிக்கட்டும் அமையும் நடுச்சுவர், பல கட்டடங்களில் தளங்களைவிடச் சில மாடிகள் முந்தி ஏறிவிடும். கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தச் சுவர் மாடிக் கணக்கில் சேராது. விளிம்பில் கோடு கோடாகத் தெரியும் தளங்களைக் கீழிருந்து எண்ணுங்கள். ஒரு தளத்துக்கு அடியில் முட்டுக்கால்கள் நெருக்கமாக நின்றால், மேலே ஊற்றிய கான்கிரீட் இன்னும் முழு வலிமை பெறவில்லை என்று பொருள். மகளை மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு படங்களை அருகருகே வைத்தால் வேலை நின்றதா நகர்ந்ததா என்பது உங்கள் வீட்டிலிருந்தே தெரிந்துவிடும்.

வீட்டை ஒப்படைக்கும் கெடு பொதுவாக 36 மாதம். உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைச் சரிபாருங்கள். தாமதமானால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு நாள் கணக்கில் இழப்பீடாக வர வேண்டும். உங்கள் வீட்டுக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 109 வெள்ளி. ஒப்பந்தத்துக்கு முன்பே முன்பதிவுப் பணம் வாங்கப்பட்டிருந்தால், இந்த 36 மாதக் கணக்குக்கு அந்த நாளே தொடக்கம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே அந்த முன்பதிவு ரசீதை இன்றே தேடி எடுங்கள். அச்சு மங்கும் மெல்லிய தாளாக இருந்தால், உடனே ஒரு நகல் எடுத்து ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள்.