எந்த ஆறாம் கட்டளை?

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கம். எதிர்வீட்டு அக்கா சி.எஸ்.ஐ., அதாவது புரொட்டஸ்டன்ட். இருவருக்கும் ஒரே பைபிள்தானே? அப்புறம் அர்த்தம் சொல்வதில் மட்டும் ஏன் இத்தனை தகராறு? யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: ‘ஒரே’ என்று போட்டீர்களே, அங்கேதான் வம்பு. அக்காவின் பைபிளை வாங்கிப் பொருளடக்கத்தை எண்ணிப் பாருங்கள். 66 புத்தகம். உங்களுடையதில் 73. தோபித்து, யூதித்து, மக்கபேயர் எல்லாம் அங்கே இருக்காது. ரோமோடு முறித்துக்கொண்டு புரொட்டஸ்டன்ட் பிரிவுக்கு வித்திட்ட லூத்தர் தம்முடைய 1534 ஜெர்மன் பைபிளில் இவற்றைத் தனியே ஒதுக்கி, வேதத்துக்குச் சமமல்ல, ஆனால் படிக்க நல்லவை என்று குறிப்பு வைத்தார். 1546இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் அவையும் வேதமே என்று அடித்துச் சொல்லிவிட்டது. இறந்தவர்களுக்காக வேண்டுவதற்கு நீங்கள் காட்டும் வசனம் மக்கபேயர் இரண்டாம் நூலில் இருக்கிறது. புத்தகமே இல்லாதவரிடம் வசனத்தைக் காட்டி என்ன பயன்?

சரி, பொதுவாக இருக்கும் பத்துக் கட்டளைக்கு வருவோம். மோசே நம்பர் போடவில்லை. சிலை கூடாது என்பதை நீங்கள் முதல் கட்டளையோடு சேர்த்துவிட்டு, கடைசியில் இச்சையை இரண்டாகப் பிரிக்கிறீர்கள். அக்கா வீட்டில் நேர்மாறு. அதனால் உங்கள் ஆறு, விபசாரம் செய்யாதே. அக்காவின் ஆறு, கொலை செய்யாதே. பால் வாங்கப் போன இடத்தில், “மாடி வீட்டுக்காரர் ஆறாம் கட்டளையை மீறிவிட்டாராம்” என்று நீங்கள் காதைக் கடித்தால், அக்கா போலீசுக்குப் போன் போட்டுவிடுவார். அவர்களும் வந்து பிணம் எங்கே என்பார்கள். மறுநாள் அக்கா கண் சிவந்து வந்து, “ராத்திரி முழுக்க ஆறாம் கட்டளையை மீறிக்கொண்டிருந்தேன், அவ்வளவு கொசு” என்றால் உங்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க நான் பெரம்பூருக்கே வருவேன். இதில் வேடிக்கை, லூத்தர் வழிவந்த லுத்தரன்காரர்கள் எண்ணுவதும் உங்கள் கணக்குப்படிதான். ரோமை விட்டாலும் கணக்கை விடவில்லை.

அர்த்தம் சொல்ல யாருக்கு அதிகாரம் என்பதுதான் அசல் தகராறு. உங்களுக்குத் திருச்சபையின் போதனை கடைசி வார்த்தை. அக்காவுக்கு வேதம் மேலே, சபை கீழே. வேதம் தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும் என்றால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் எதற்கு அவ்வளவு நீளம் என்று அக்காவைக் கேட்காதீர்கள், வருத்தப்படுவார். மனிதன் நீதிமானாவது விசுவாசத்தினால் என்னும் ரோமர் 3:28இல், விசுவாசத்தினால் ‘மாத்திரம்’ என்று லூத்தர் ஒரு சொல்லைச் சேர்த்தார். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் இல்லை. அதன் பொருட்டு எழுந்த வழக்கில் ரோமும் லுத்தரன்காரர்களும் பெருமளவு ஒத்துப்போய்க் கையெழுத்திட்டது 1999இல், ஆக்ஸ்பர்க்கில். ஒற்றைச் சொல்லைப் பிடித்துத் தொங்குவதாக என்னைத் திட்டும் வாசகர்கள் கவனிக்க.

நம்மூரிலும் நடந்தது. தரங்கம்பாடி லுத்தரன்காரர்கள் ‘திருச்சபை பேதகம்’ போட, கத்தோலிக்கக் குருவான வீரமாமுனிவர் மறுப்பாக ‘பேதகமறுத்தல்’ எழுதினார். பக்தியைவிட இந்த வசைதான் தமிழ் உரைநடைக்கு அதிகம் உழைத்தது என்பது என் கட்சி. ஒரு பேராசிரியர் வழக்கம்போல எட்டுப் பக்கம் மறுப்பு அனுப்புவார். அனுப்பட்டும், அதுவும் உரைநடைதான்.

யார் சரி என்கிறீர்களா? முதலில் அக்காவுக்குத் தோபித்தைப் படிக்கக் கொடுங்கள். பையன் பயணம் போவான், கூடவே ஒரு நாயும் போகும். படிக்க நல்லது என்று லூத்தரே சொல்லியிருக்கிறார்.