"சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்ற பிஸ்கட்டில் கருப்பட்டி: வழக்குப் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்குப் பத்து வருஷமாகச் சுகர். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று போட்ட பிஸ்கட்டை வாங்கி, இரண்டு மாதமாகத் தினம் நாலு கொடுத்தேன். சுகர் ஏறிவிட்டது. கடைக்காரர் "கம்பெனியிடம் கேளுங்கள்" என்கிறார். கம்பெனியோ வெளிமாநிலத்தில். என்ன செய்யலாம்?
– வாசகி, தக்கலை

பதில்: சகோதரி, முதலில் பிஸ்கட்டை நிறுத்திவிட்டு டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். மாத்திரை அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய கவரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் பனைமரப் படம். பின்பக்கம் பொடி எழுத்தில், மூலப்பொருள்களில் கோதுமை மாவுக்கு அடுத்தபடியாகக் கருப்பட்டி. எடையில் கூடியதுதான் முதலில் வர வேண்டும் என்பது விதி. அப்படியானால் அதில் கருப்பட்டி கொஞ்சநஞ்சமல்ல. ஊட்டச்சத்துப் பட்டியலிலோ 100 கிராமுக்கு "சேர்க்கப்பட்ட சர்க்கரை 22 கிராம்" என்று கம்பெனியே ஒப்புக்கொண்டிருக்கிறது. நாலு பிஸ்கட் 40 கிராம் என்றால் ஏறக்குறைய 9 கிராம், இரண்டு டீஸ்பூன் சீனி.

"வெள்ளைச் சீனி போடவில்லை, கருப்பட்டிதானே" என்று வாதாடுவார்கள். கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்த நமக்கு அது மனதில் ஒட்டும். ஆனால் கருப்பட்டியின் பெரும்பகுதி, வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். 2018-ஆம் ஆண்டின் உணவு விளம்பர, உரிமைகோரல் விதிமுறைகளின்படி, எந்த வகைச் சர்க்கரையும், தேனோ வெல்லப்பாகோகூட, சேர்த்தால் அந்த வாசகத்தைப் போடக் கூடாது. ("சுகர் ஃப்ரீ" என்பது வேறு: 100 கிராமுக்கு 0.5 கிராமைத் தாண்டக் கூடாது.)

சுகர் ஏறியது இந்தப் பிஸ்கட்டால்தான் என்று நிரூபிப்பது கடினம். வழக்கை அதன்மேல் நிறுத்தாதீர்கள். பொய்யான வாசகத்தை நம்பி வாங்கினேன் என்பதில் நில்லுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதுவே நேர்மையற்ற வணிக நடைமுறை. பணத்தைத் திரும்பக் கேட்கலாம், மன உளைச்சலுக்கு இழப்பீடும், அந்த வாசகத்தை நிறுத்தச் சொல்லும் உத்தரவும் கேட்கலாம். ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைத் துணை ஆவணமாகச் சேருங்கள்.

கம்பெனி எங்கிருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, நாகர்கோவிலில் உள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கடைக்காரரையும் எதிர்த்தரப்பில் சேருங்கள். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. காலக்கெடு 2 வருடம். மனு போடும் முன் 15 நாள் அவகாசம் கொடுத்து, போய்ச் சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

தனியாக மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கும் புகார் கொடுங்கள். தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அது உங்களுக்கு வராது என்றாலும், அந்தப் பாக்கெட் இன்னொரு வீட்டு அப்பாவின் கைக்குப் போகாமல் தடுக்க அதுதான் வழி.

பில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றே அதே கடையில் பில்லோடு இன்னொரு பாக்கெட் வாங்கி, பிரிக்காமல் வையுங்கள். காலிக் கவர்களில் பேட்ச் எண் தெரிவதை எல்லாம் எடுத்து வைத்து, அதன் பிறகு நோட்டீஸ் எழுத உட்காருங்கள்.