அந்தக் கிரைண்டரை யார் ஓட்டுகிறார்கள்?

கேள்வி: வைட்ஃபீல்டு ஃபிளாட்டில் பிரெஞ்சு கிராமத்து வீடு மாதிரி வெள்ளைச் சமையலறை செய்யப்போகிறோம். மேடைக்கு வெள்ளை மார்பிளா, குவார்ட்ஸா? கதவில்லாத அலமாரி, பித்தளைக் குழாய் எல்லாம் முடிவாகிவிட்டது. அத்தையின் கிரைண்டர் மட்டும் பொருந்தவில்லை, பால்கனிக்கு மாற்றிவிடுகிறோம்.
– வாசகி, பெங்களூரு

பதில்: மேடைக் கல்லை அப்புறம் பார்ப்போம். கிரைண்டர் அத்தையுடையது என்றால் அரைப்பதும் அவர்தான். ஊறிய அரிசியையும் உளுந்தையும் தூக்கிக்கொண்டு அவர் பால்கனிக்கு நடக்க வேண்டும். மாவை வழித்துக்கொண்டு திரும்ப வேண்டும். கல்லைக் கழுவ அங்கே குழாய் உண்டா? சாரலில் மோட்டார் நனைந்தால்? அவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா? இட்லி வீட்டுக்கெல்லாம் வேண்டும், அரைக்கிறவருக்கு மட்டும் வீட்டுக்குள் இடமில்லை என்பது அநியாயம். பெரியவர்களை ஒதுக்கிவிட்டு வரும் அழகு எந்த வீட்டுக்கும் வேண்டாம்.

சிங்க்கை ஒட்டி 2 அடி அகலம், 2 அடி ஆழத்தில் ஒரு மாடம் விடுங்கள். அதன் தளம் மேடையைவிட 5 அங்குலம் தாழ்ந்திருந்தால் தோளைத் தூக்காமல் மாவு வழிக்கலாம். பிளக் பாயிண்ட் பக்கச் சுவரில், கை எட்டும் இடத்தில் வேண்டும். பின்சுவரில் வைத்தால் ஒவ்வொரு முறையும் கிரைண்டரை நகர்த்த நேரும். முன்னால் பீடிங் (மெல்லிய மரப்பட்டி) வைத்த வெள்ளை மடிப்புக் கதவு போடுங்கள், நீங்கள் ஆசைப்பட்ட பிரெஞ்சுத் தோற்றம் அதிலேயே வந்துவிடும். ஓடும்போது கதவு திறந்தே இருக்கட்டும், மோட்டார் சூடாகும். உள்ளே ஈரம் தாங்கும், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்தான் வேண்டும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஈரத்தில் உப்பிவிடும்.

இனி கல். எலுமிச்சையும் புளியும் மார்பிளை அரித்துப் பளபளப்பைத் தின்றுவிடும். சீலர் அடித்தால் கறை ஏறுவது தாமதமாகும், அரிப்பு நிற்காது. குவார்ட்ஸ் பலகை என்பது கல்தூளைப் பிசினால் இறுக்கிச் செய்தது. அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேராக வைத்தால் தழும்பு விழும். வேலை செய்யும் மேடைக்குப் பாலிஷ் குறைந்த வெளிர் கிரானைட் போடுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் மார்பிள் பலகையில் மாவு தேய்ப்பது வெண்ணெய் இளகாமல் குளிர்ச்சியாக இருக்கத்தான். மார்பிள் ஆசைக்கு உங்களுக்கும் சப்பாத்தி தேய்க்க 2 அடி மார்பிள் பலகை போதும்.

கதவில்லாத அலமாரி அடுப்பிலிருந்து 3 அடியாவது தள்ளி இருக்கட்டும். தாளிப்பு எண்ணெயில் தூசி ஒட்டினால் தேய்த்து மாளாது. டைல்ஸ் இடுக்கை அடைக்க எபாக்ஸி என்ற பிசின் கலவை. சிமென்ட் மஞ்சள் கறையைக் குடித்துவிடும்.

கார்பென்டர் வருவதற்கு முன் அத்தையை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து அளந்து 4 அங்குலம் கழியுங்கள். மேடையின் உயரம் அதுதான்.