வாசகர் கேள்வி: மூச்சு வாங்கும் ஊரில் ஒரு நாள்

கேள்வி: மகளும் நானும் ஆகஸ்டில் பெரு செல்கிறோம். மச்சு பிச்சுவுக்குக் கிளம்பும் முன் குஸ்கோவில் ஒரு நாள் கையில் இருக்கிறது. வண்டி வைக்காமல் நடந்தே ஊரைப் பார்த்துவிடலாமா? எனக்கு வயது 58. நாங்கள் சைவம்.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் விமானத்திலிருந்து இறங்கிய அன்றைக்கே வேண்டாம். குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நான் போனபோது, பெட்டியை விடுதியில் வைத்த கையோடு சான் பிளாஸ் மேட்டில் ஏறினேன். பாதிப் படியில் உட்கார்ந்தவன்தான். முதுகில் மூட்டையோடு ஒரு பாட்டி, மூச்சுகூட மாறாமல் என்னைத் தாண்டிப் போனார். மிச்சப் பொழுது கட்டிலில், தலைவலியோடு கழிந்தது. முதல் நாள் ஓய்வெடுங்கள். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். விடுதியில் கொக்கா இலைத் தேநீர் தருவார்கள். வைக்கோல் கொதித்த நீர்போல இருக்கும், குடிக்கலாம். இலையை மட்டும் பையில் போட்டு ஊருக்குக் கொண்டுவராதீர்கள். அங்கே சந்தையில் விற்கும் பொருள், இங்கே சட்டப்படி குற்றம்.

மறுநாள் காலை, பிளாசா தே அர்மாஸ் சதுக்கத்தில் தொடங்குங்கள். பேராலயத்தில் மார்க்கோஸ் சபாத்தா வரைந்த இயேசுவின் கடைசி இராவுணவு ஓவியம் இருக்கிறது. நடுத்தட்டில் கால்களை விரித்துக் கிடப்பது, அந்த மலைநாட்டார் விருந்துக்குச் சமைக்கும் கினிப்பன்றி. சைவர்கள் ஓவியனின் துணிச்சலை மட்டும் இரசிக்கலாம்.

அங்கிருந்து லொரேட்டோ சந்து. இதில் அவசரப்படாதீர்கள். இரண்டு பக்கமும், ஸ்பானியர்கள் வரும் முன் இந்த மலைநாட்டை ஆண்ட இன்காக்கள் எழுப்பிய சுவர். சாந்தும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கல்லோடு கல்லை இழைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். மேலே போகப்போகச் சுவர் உட்பக்கமாகச் சற்றே சாயும். ஒரு பக்கம், அரசுக்கும் சூரியனுக்கும் சேவை செய்யத் தேர்ந்தெடுத்த பெண்கள் வாழ்ந்த மாளிகை. பின்னாளில் ஸ்பானியர் ஆட்சியில் அதே இடத்தில் கன்னியர் மடம் வந்தது. பெண்களை அடைத்துவைப்பதில் மட்டும் இரண்டு ஆட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இந்தச் சந்து வழியே கொஞ்சம் நடந்தால் கோரிகாஞ்சா, இன்காக்களின் சூரியன் கோயில். ஸ்பானியரிடம் சிறைப்பட்ட இன்கா அரசன் அதஹுவால்பாவை மீட்க 1533-இல் இதன் சுவர்களிலிருந்து பொன் தகடுகளைப் பெயர்த்தெடுத்தார்கள். பிறகு அதன் மேலேயே ஸ்பானியர்கள் சான்டோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1650-இல் பூகம்பம், மடம் இடிந்தது. திரும்பக் கட்டினார்கள். 1950 மே மாதம் மறுபடியும் பூகம்பம். மடம் மறுபடியும் சேதமாக, அதற்குள் மறைந்திருந்த இன்கா சுவர்கள் வெளியே தெரிந்தன. வெளியே தெருவில் நின்று, மடத்தைத் தாங்கும் அந்த வளைந்த கருங்கல் சுவரைப் பாருங்கள். நான் அரை மணி நேரம் நின்றேன்.

ஹாதுன் ரூமியோக் தெருவில் ஓர் இன்கா சுவரில் பன்னிரண்டு மூலைக் கல் இருக்கிறது. எல்லாரும் அதோடு படம் எடுக்க வரிசை கட்டுவார்கள். நீங்கள் பத்தடி தள்ளி நில்லுங்கள். பக்கத்துக் கற்கள் ஒன்றும் இளைத்தவை அல்ல, கூட்டமும் இருக்காது. தொடக் கூடாது. 2025 பிப்ரவரியில் ஒருவன் அந்தக் கல்லைச் சுத்தியலால் அடித்துச் சிதைத்தான்.

சக்ஸாய்வாமான் கோட்டைக்கு மட்டும் உங்கள் நிபந்தனையைத் தளர்த்துங்கள். டாக்சியில் மேலே போய், நடந்து இறங்குங்கள். அதற்கு, பல இடங்களுக்கும் சேர்த்து வாங்கும் பொதுச் சுற்றுலா டிக்கெட் செல்லும். பேராலயத்துக்கும் மடத்துக்கும் தனித்தனி டிக்கெட். ஆகஸ்டில் மழை பயமில்லை. பகலில் வெயில் சுடும், இரவில் பல் கிட்டும். படிக்கற்கள் வழவழவென்று தேய்ந்திருக்கும், செருப்பு உதவாது.

சாப்பாடு? ஸ்பானிய மொழியில் "சின் கார்னே", இறைச்சி வேண்டாம் என்றால், மாட்டிறைச்சியை நீக்கிவிட்டுக் கோழியோடு வரக்கூடும். "சின் போயோ", கோழி வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கினோவா என்ற தானியத்தில் செய்யும் சூப்பிலும் கோழிச்சாறு உண்டா என்று கேளுங்கள். கவலையில்லாமல் சாப்பிட, தெருவோரத்தில் அவித்த சோளக்கதிரும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும் கிடைக்கும். ஒவ்வொரு மணியும் நம் மொச்சைக்கொட்டை அளவு. மகளுக்குத் தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள். பங்கிட மனம் வராது.