எரிமலைச் சாம்பலைக் கலப்பதற்கு முன் சிமெண்ட் மூட்டையைப் படியுங்கள்

கேள்வி: சார், நான் கென்யாவில் நாகுரு பக்கம் ஒரு கட்டடத்தில் சைட் சூப்பர்வைசர். மெனங்காய் எரிமலை கூப்பிடு தூரம்தான். எரிமலைச் சாம்பல் லோடு லோடாக மலிவாகக் கிடைக்கிறது. சிமெண்ட்டில் பாதியைக் குறைத்து இதைப் போடலாம், ரோமானியர்கள் இதை வைத்துத்தானே கட்டினார்கள் என்கிறார் கான்ட்ராக்டர். தூண், தளம் எல்லாவற்றுக்கும் போடலாமா?

பதில்: பாதி வேண்டவே வேண்டாம். சாம்பல் நல்ல பொருள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முதலில் சைட்டில் அடுக்கியிருக்கும் சிமெண்ட் மூட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படியுங்கள். கென்யாவில் பரவலாக விற்கும் 32.5 சிமெண்ட்டில் (இந்த எண் பலத்தின் தரத்தைக் குறிக்கிறது) பெரும்பாலும் இதே எரிமலைப் பொருளை ஆலையிலேயே அரைத்துக் கலந்துதான் அனுப்புகிறார்கள். சி.இ.எம். என்ற எழுத்துகளுக்குப் பிறகு ரோமன் எண்ணில் நான்கும் அதோடு பி என்ற எழுத்தும் இருந்தால், தரவிதிப்படி அதில் 36 முதல் 55 சதவீதம் வரை பொஸோலானா, அதாவது எரிமலைச் சாம்பல் போலச் சுண்ணாம்போடு வினைபுரியும் தூள், இருக்கலாம். அந்த மூட்டையில் மறுபடியும் பாதியைக் குறைத்தால் உண்மையான சிமெண்ட் கிட்டத்தட்ட கால் பங்குதான் மிஞ்சும். அதில் தூண் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஊரில் நாம் வாங்கும் பிபிசி (போர்ட்லாண்ட் பொஸோலானா சிமெண்ட்) மூட்டையும் இப்படித்தான், அதில் எரிமலைச் சாம்பலுக்குப் பதில் அனல்மின் நிலையத்து ஃப்ளை ஆஷ், அதாவது நிலக்கரிச் சாம்பல், 35 சதவீதம் வரை.

ஏன் ஒரு அளவுக்கு மேல் போகக்கூடாது என்று புரிந்துகொண்டால் கான்ட்ராக்டரிடம் பேசவும் வசதியாக இருக்கும். சிமெண்ட்டில் தண்ணீர் பட்டதும் பலம் தரும் பசை உண்டாகிறது, கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பும் வெளிவருகிறது. இந்தச் சுண்ணாம்பால் பலம் பெரிதாக ஏறாது. எரிமலை கக்கிய குழம்பு சட்டென்று ஆறியதால் அதிலுள்ள சிலிக்கா படிகமாகாமல் கண்ணாடி நிலையிலேயே நின்றிருக்கும், அதுதான் மெதுவாக இந்தச் சுண்ணாம்போடு வினைபுரிந்து மேலும் கொஞ்சம் பசையை உண்டாக்கி நுண்துளைகளை அடைக்கிறது. சுண்ணாம்பைத் தருவதே சிமெண்ட்தான், அதைக் குறைத்துக்கொண்டே போனால் மீதிச் சாம்பல் வினைபுரிய ஆள் இல்லாமல் வெறும் தூளாகக் கிடக்கும். நம் முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்போடு சுர்க்கி சேர்த்துக் கட்டினார்களே, அந்தச் சுட்ட களிமண் தூள் செய்த வேலையும் இதேதான்.

ரோமானியர்கள் நேப்பிள்ஸ் பக்கத்துப் பொஸ்ஸுவோலி சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து துறைமுகமே கட்டினார்கள், உண்மை. ஆனால் அவர்கள் உள்ளே கம்பி போடவில்லை, ஒரு மாதத்தில் முட்டுகளைப் பிரிக்கும் அவசரமும் இல்லை. அமெரிக்காவில் 1942-ல் முடிந்த ஃப்ரையன்ட் அணையிலும் 1960-களில் கட்டிய க்ளென் கேன்யன் அணையிலும் எரிமலைப் பொருளைச் சேர்த்தார்கள், பிரம்மாண்டமான காங்கிரீட் உள்ளுக்குள் சூடேறி விரிசல் விடாமல் இருக்க அது உதவியது. அணையால் பலம் ஏறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க முடியும். உங்கள் தளத்தால் முடியாது.

அடுத்தது அரைப்பு. லாரியில் வருவதை அப்படியே மிஷினில் கொட்டினால் அது மணல்தான், சிமெண்ட்டின் வேலையைச் செய்யாது. அமெரிக்கத் தரவிதி, 45 மைக்ரான் சல்லடையில் 34 சதவீதத்துக்கு மேல் தங்கக்கூடாது என்கிறது. இது வெறும் பலம் சம்பந்தப்பட்ட விஷயமும் இல்லை. நன்றாக அரைத்த எரிமலைக் கண்ணாடி காங்கிரீட்டைக் காப்பாற்றும், அதுவே பருபருவென்று இருந்தால் சிமெண்ட்டிலுள்ள காரத்தோடு சேர்ந்து ஜெல் உண்டாகி, அது ஈரத்தை உறிஞ்சி ஊதி, சில வருஷம் கழித்து காங்கிரீட்டை வலைபோல விரிசல் விட வைக்கும். போதாக்குறைக்கு நாகுரு இருக்கும் ரிஃப்ட் பள்ளத்தாக்கின் எரிமலைப் பாறைகளில் சோடியம் அதிகம். அதனால் லேபில் கொடுக்கும்போது சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு மூன்றின் கூட்டுத்தொகையோடு (70 சதவீதமாவது வேண்டும்) சோடியம், பொட்டாசியம் அளவையும் கேட்டு வாங்குங்கள். குவாரியில் ஒரு அடுக்கு சுத்தமாக இருக்கும், அடுத்த அடுக்கு மண் கலந்திருக்கும், எனவே ஒரே இடத்தில் அள்ளாமல் பல இடத்தில் எடுத்துக் கலந்து மாதிரி கொடுங்கள். 20 சதவீதம் சாம்பல் போட்ட சாந்து, 28 நாளில் வெறும் சிமெண்ட் சாந்தின் பலத்தில் 75 சதவீதமாவது காட்ட வேண்டும். லேபுக்குப் போகும் முன் ஒன்று செய்து பார்க்கலாம்: நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சாம்பல் தூள் இரண்டு பங்கு, பிசைந்து உருண்டை பிடித்து ஒரு வாரம் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். தண்ணீரில் போட்டதும் கரைந்தால் அந்தச் சாம்பலை மறந்துவிடலாம். கரையாவிட்டால் லேபுக்கு அனுப்பும் தகுதி வந்தது, அவ்வளவே.

சரி, எல்லாம் தேறிவிட்டது, சைட்டில் இருப்பதும் எதுவும் கலக்காத 42.5 சிமெண்ட். அப்படியானால் அஸ்திவாரத்துக்கும் தரைக்கும் 15 முதல் 20 சதவீதம், அதுவும் எடை போட்டுத்தான், பாண்டு கணக்கில் அளந்து அல்ல, ஏனென்றால் சாம்பல் சிமெண்ட்டை விட லேசானது. 20 சதவீதம் என்றால் 40 கிலோ சிமெண்ட்டுக்கு 10 கிலோ தூள். கலவை இறுக்கமாகத் தெரியும், ஆட்கள் உடனே தண்ணீரை ஊற்றுவார்கள், அதை விடவே கூடாது, தேவைப்பட்டால் பிளாஸ்டிசைசர் (தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்கும் ரசாயனம்) போடுங்கள். தூணுக்கும் தளத்துக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட கலவை இல்லாமல் தொடாதீர்கள்.

கியூரிங்கில்தான், அதாவது காங்கிரீட்டை ஈரமாகவே வைத்துப் பலம் ஏற விடுவதில்தான், பெரும்பாலான சைட்டுகள் கோட்டை விடுகின்றன. நாகுரு கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது, ராத்திரிக் குளிரில் இந்த வினை இன்னும் மந்தமாகும், பகல் வெயிலும் காற்றும் ஈரத்தை இழுத்துவிடும். குறைந்தது 14 நாள் ஈரச்சாக்கு போடுங்கள். சாம்பல் சுண்ணாம்பைத் தின்றுவிடுவதால், கியூரிங் சரியில்லாத காங்கிரீட்டுக்குள் காற்றிலுள்ள கரியமில வாயு சீக்கிரம் இறங்கும், பிறகு கம்பி துருப்பிடிக்கும். ஆகவே கம்பிக்கு மேல் கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட்டின் தடிமன், ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக்கூடாது. சாம்பல் போட்டது, போடாதது இரண்டிலும் கியூப் (சோதனைக்கு வார்க்கும் காங்கிரீட் கட்டி) எடுத்து 7, 28, 56 நாட்களில் உடைத்துப் பாருங்கள். 7 நாள் எண் குறைவாக வந்தால் பதற வேண்டாம், ஆனால் முட்டுப் பலகையைப் பிரிக்கும் தேதியை அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், வழக்கமான நாள் கணக்கில் அல்ல.